காதில் ஊற்றிய தண்ணீர்

கண்ணு, இந்தக் கடிதம் உன் கைக்கு வராது, காதுக்குத்தான் வரும். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் நீ உன் மேலதிகாரிகளுக்குப் பக்கத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாய். ஊர்க்காரர்கள் கருத்துச் சொல்வதற்கென்று கொஞ்ச நேரம் ஒதுக்கியிருக்கிறீர்களாமே, அந்த நேரத்தில் சரோஜா டீச்சர் எழுந்து இதை மைக்கில் வாசிப்பார். தலையைக் குனியாதே. சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம் உண்டு, திட்டினால் கால் கட்டைவிரலால் தரையைக் கீறிக்கொண்டே நிற்பாய். அன்றைக்கு ஷூ போட்டிருப்பாய், கீற முடியாது. நிமிர்ந்து உட்கார். பெற்றவள் பேசுகிறேன், ஊரும் கேட்கட்டும்.

நான் சொல்லச் சொல்ல டீச்சர்தான் எழுதுகிறார். என் கை இப்போது பேனா பிடிக்காது. தீபாவளிக்கு வந்தபோதே நீ பார்த்தாய், காப்பித் தம்ளர் தட்டில் தாளம் போட்டதை. "வயசானா அப்படித்தாம்மா" என்றாய். எனக்கு இன்னும் அறுபது ஆகவில்லை. நாமக்கல்லில் நரம்பு டாக்டரிடம் தனியாகப் போய்க் காட்டினேன். "பயப்படறதுக்கு ஒண்ணுமில்லீங்க. ஆனா நிக்காதுங்க" என்றார். கையோடு நிற்காமல் இப்போது தலையும் ஆடுகிறது. முனியப்பனுக்கு விளக்குப் போடப் போனால் திரியைப் பற்ற வைப்பதற்குள் தீப்பெட்டி பாதி காலியாகிவிடுகிறது. சாமி காத்துக்கொண்டிருக்கிறது. சாமிக்கு உன்னைப் போல அவசரம் இல்லை. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருந்த வகுப்பு வரைக்கும் படித்தவள் நான், பேசுகிறபடிதான் சொல்லத் தெரியும். டீச்சர்தான் அதைப் படிக்கிற தமிழாக்கி எழுதுகிறார். நடுநடுவே பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இதெல்லாம் எழுதோணுங்களா அம்மிணி, பெத்த பையனுங்க" என்கிறார். "பெத்ததுனாலதான் டீச்சர், எழுதுங்க" என்கிறேன்.

போன வாரம் நீ போனில் கேட்டதற்குப் பதில்தான் இது. "அம்மா, புது நகரத்துக்கு ரெண்டாவது கட்டம் வருது. பெரிய ரோடு ஓடையத் தாண்டுனா மொதல்ல உன்ற மேட்டுக்காட்டுலதான் எறங்குது. நீ சம்மதம்னு எந்திரிச்சு நாலு வார்த்த பேசு, ஊரே கையெழுத்துப் போட்டுரும். போன தடவ பேசுன மாதிரியே பேசும்மா" என்றாய். அந்த மேட்டுக்காடு என் அப்பா எனக்குக் கொடுத்தது. ஓடைக்கு அந்தப் பக்கம், வேலி ஓரமாக வேம்பும் கிளுவையும் நிற்கிற, கிணறு வற்றி வானம் பார்த்த நிலம். நான் உடனே பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ "ம், ம்" என்று கேட்டிருப்பாய். அந்த 'ம்' பாதி எனக்கு, பாதி நீ தட்டிக்கொண்டிருக்கிற கம்ப்யூட்டருக்கு. எவ்வளவு வருடமாகப் பார்க்கிறேன். உன் முழுக் காதும் எனக்குக் கிடைக்க வேண்டுமென்றால் உன் மேலதிகாரி பக்கத்தில் இருக்க வேண்டும், ஊர் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், உன் கையில் போன் இருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமைதான் அப்படி ஒரு நாள்.

உன்னை நாமக்கல் ஹாஸ்டல் ஸ்கூலில் விட்ட நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. கேட்டுக்குள்ளே போன பிறகும் என் முந்தானையை நீ விடவில்லை. வாட்ச்மேன் மணியைப் பார்த்தான். உன் அப்பா லாரியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். நான்தான் உன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். பின்னால் நின்ற ஒரு அம்மாள், "அழுகட்டும் உடுங்க, அழுகற பசங்கதான் மார்க்கு வாங்குதுங்க" என்றாள். வாங்கினாய். ஊருக்கே மிட்டாய் கொடுத்தோம். அன்று உன்னிடம் யாரும் சம்மதமா என்று கேட்கவில்லை. அதனால்தானோ என்னவோ, கேட்பது எப்படி என்பதே உனக்குத் தெரியாமல் போய்விட்டது. ஆஸ்தி போல அதையும் எங்களிடமிருந்தே வாங்கிக்கொண்டு போயிருக்கிறாய்.

நம் பக்கத்துக்கு ஒரே வேலைதான், வெளியே அனுப்புவது. முட்டை கேரளாவுக்குப் போகிறது. போர் போடுகிற ரிக் வண்டி ஆந்திராவுக்கும் அதற்கு மேலேயும் போகிறது. பாடி கட்டி முடித்த லாரி எங்கெங்கோ போகிறது. மார்க் வாங்கின பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறார்கள். திரும்பி வருவது பண்டிகை, நோம்பிக்கு மட்டும்தான், அதுவும் வந்த மறுநாளே பையைக் கட்டுவதற்கு. உன் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தபோது பக்கத்தில் ஒரு நல்ல ஆஸ்பத்திரி கிடையாது. சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு ஓடினோம், மல்லூர் தாண்டும் வரைக்கும் உயிர் தாங்கவில்லை. அதனால், இங்கேயே ஒரு நகரம் கட்டப் போகிறோம், அந்தத் திட்டம் போடுகிற ஆபீசில் நானும் இருக்கிறேன் என்று நீ சொன்னபோது நான் முனியப்பனுக்குப் பொங்கல் வைத்தேன். இனி இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை என்றாய். போன என் பிள்ளை திரும்பி வரும் என்று நான் அதற்கு அர்த்தம் பண்ணிக்கொண்டேன். அதை நீ சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டதுதான்.

முதல் கூட்டத்தில் நீ எப்படிப் பேசினாய் என்று இப்போது இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். படம் வரைந்த பலகையை ஓரமாகத் தள்ளிவிட்டு, "எங்கப்பா லாரி ஓட்டுனவரு, உங்களுக்கெல்லாம் தெரியும். ஒரே மூலையில லோடு ஏத்துனா வண்டி என்னாகும்? சாயும். நம்ம நாட்டுல அப்படித்தான் ஏத்தி வெச்சிருக்கறோம். வேல, காலேஜு, ஆஸ்பத்திரி எல்லாம் ஒரே மூலையில. அங்க நிக்க எடமில்ல, இங்க ஆளே இல்ல. லோடப் பிரிச்சு நடுவுல வெச்சாத்தான் வண்டி நேரா ஓடும்" என்றாய். எனக்குப் புல்லரித்தது. கோழிப்பண்ணை அங்கமுத்து மாமா, பின்வரிசையில் துண்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், எழுந்தார்.

"அதெல்லாஞ் செரி மாப்ள. இதுல நாங்க லோடா, கிளீனரா, இல்ல டயருக்கு அடியில அண்டக் குடுக்கற கல்லா? அத மட்டும் சொல்லிப்போடு."

"நீங்கதான் மாமா ஓனரு" என்றாய் நீ. ஊரே சிரித்தது. அங்கமுத்து மாமாவும் துண்டை உதறிக்கொண்டு சிரித்தார். அதற்கப்புறம்தான் நான் எழுந்து பேசினேன். நல்லது நடக்கப் போகிறது, என் பையன் பொய் சொல்ல மாட்டான் என்றேன்.

அப்போது ராமாயி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். ராமாயியை உனக்குத் தெரியும், நீ நடை பழகும்போது இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் ஆட்டுக்குட்டி காட்டினவள். அவளுக்கு நிலம் கிடையாது. ஆடுதான் இருந்தது. புறம்போக்கில் ஒரு பட்டி போட்டு, அறுவடை முடிந்த காடுகளில் மேய்த்துப் பிழைத்தவள். உன் ஆபீசர் ஒருவர், நிலம் வைத்திருக்கிறவர்கள் மட்டும் பேசுங்கள் என்றார். நீ பெரிய மனது பண்ணி, அவளை மேடைக்கே கூப்பிட்டாய். எனக்குப் பெருமையாக இருந்தது.

"ஏனுங் சாமி, என்ற பட்டி இந்தப் படத்துல எங்கீங்க இருக்குது?" என்று அவள் கேட்டாள்.

"இதோ, இந்தப் பச்சையா இருக்குது பாருங்க, இங்கதான். பூங்கா வருது."

"பூங்கான்னா?"

"புல்லு, மரம், தண்ணி எல்லாம் இருக்கும்."

"அப்ப ஆடு மேயலாங்களா?"

நீ பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துக் கண்ணடித்தாய். "மேயலாம் மேயலாம், தாராளமா மேயலாம். உங்க ஆட்டுக்குன்னே போட்டதுதான் இந்தப் பூங்கா" என்றாய். எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். நாங்கள் சிரித்தது உன் கேலிக்கு. அவள் சிரித்தது நீ கொடுத்த வாக்குக்கு. அந்த வித்தியாசம் அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை.

பெரியவர்கள் அதற்கப்புறமும் கையெழுத்துப் போடவில்லை. முனியப்பனைக் கேட்காமல் நிலத்தை எப்படிக் கொடுப்பது என்றார்கள். நீ பல்லைக் கடித்தது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் கிடா வெட்டிச் சாமியிடம் சம்மதம் கேட்கிற அன்று கோயிலுக்கு வந்தாய். கிடா யாருடையது என்று நினைவிருக்கிறதா? ராமாயியுடையதுதான். நல்ல கறுப்புக் கிடா, நெற்றியில் மட்டும் வெள்ளை. முனியப்பன் முன்னால் நிறுத்தி, மாலை போட்டு, பூசாரி மஞ்சள் தண்ணீரைத் தலையிலும் முதுகிலும் ஊற்றினார். கிடா உடம்பை ஒரு உதறு உதற வேண்டும், அதைத்தான் நாம் துளுக்கு என்கிறோம். துளுக்கினால் சாமி சம்மதம். துளுக்காவிட்டால் காத்திருக்க வேண்டும், கையெடுத்துக் கேட்க வேண்டும், குறை இருந்தால் சொல்லச் சொல்ல வேண்டும். அன்று கிடா நின்றது நின்றபடியே நின்றது. தண்ணீர் முதுகிலிருந்து வழிந்து மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. மறுபடியும் ஊற்றினார். அது தழையை மென்றுகொண்டு நம்மைப் பார்த்தது. பெண்கள் குலவை போடத் தயாராக நின்று வாய் காய்ந்துவிட்டது.

"சாமி யோசிக்குதுங்க" என்றார் பூசாரி.

"எவ்வளவு நேரம் யோசிக்கும்?" என்று உன் ஆபீசர் காரிலிருந்தபடியே கேட்டார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

நீ அந்தக் காரைப் பார்த்தாய், வாட்சைப் பார்த்தாய், கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து கிடாயின் காதில் ஊற்றினாய். கிடா தலையிலிருந்து வால் வரைக்கும் உதறியது. முன்னால் நின்றவர்கள் சட்டையெல்லாம் மஞ்சள் தண்ணீர். "சாமி குடுத்துருச்சு" என்று கத்தினது நீதான். பூசாரி உன்னைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார், அப்புறம் சாமியைப் பார்த்தார். "செரி, குடுத்துருச்சுன்னு வெச்சுக்கலாங்க" என்றார். அரிவாள் இறங்கிவிட்டது. மத்தியானம் எல்லோரும் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவின ஈரத்தோடு கையெழுத்துப் போட்டார்கள். முடியாது என்று சொன்ன சிலர் வீட்டுக்கு உன் ஆட்கள் மறுபடியும் மறுபடியும் போனார்கள். ஒருவரிடம் மகனுக்கு வேலை என்றார்கள், ஒருவரிடம் கோர்ட்டு என்றார்கள். ஒவ்வொருவருக்கும் எந்தக் காது என்று பார்த்து ஊற்றினார்கள். எல்லோரும் துளுக்கினார்கள். மக்கள் முழுச் சம்மதம் கொடுத்தார்கள் என்று பேப்பரில் வந்தது, நானும் வெட்டி பூஜையறையில் ஒட்டினேன். போன மாதம் கிழித்துவிட்டேன்.

உன் நகரம் வந்தது. இல்லையென்று சொல்லவில்லை. ரோடு வாழையிலை போட்டுச் சாப்பிடலாம் போல இருக்கிறது. காலையில் நான் அதில்தான் நடக்கிறேன், டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடம் கட்டியிருக்கிறாய், ஆஸ்பத்திரி கட்டியிருக்கிறாய், தரையெல்லாம் பளிங்கு போட்ட சமுதாயக் கூடம் கட்டியிருக்கிறாய். ஆஸ்பத்திரியில் படுக்கை இருக்கிறது, டாக்டர் இல்லை. கேட்டால், வரச் சொன்னால் யாரும் வர மாட்டேன் என்கிறார்கள், டாக்டர்களுடைய பிள்ளைகள் படிக்க இங்கே ஸ்கூல் சரியில்லையாம். ஸ்கூலுக்கு ஏன் வாத்தியார்கள் வரவில்லை என்றால், டாக்டர் இல்லாத ஊரில் எப்படிக் குடியிருப்பது என்கிறார்களாம். ராத்திரி முழுக்க விளக்கு எரிகிறது, நாய்கள் வெளிச்சத்தில் தூங்குகின்றன. மனைகளை வாங்கினவர்கள் பெங்களூரில் இருக்கிறார்கள், கல் நட்டுக் கம்பி வேலி கட்டிவிட்டுப் போனவர்கள்தான். கட்டின வடநாட்டுப் பிள்ளைகள் தகரக் கொட்டகையில் இருந்தார்கள், வேலை முடிந்ததும் கொட்டகையோடு அவர்களையும் எடுத்துவிட்டார்கள். நிலத்தைக் கொடுத்த நம் ஆட்கள் எங்கே போனார்கள் தெரியுமா? கோயமுத்தூருக்கு. அங்கமுத்து மாமா மகன்கள் அங்கே அடுக்குமாடியில் வீடு வாங்கிக் குடிபோய்விட்டார்கள். மாமா மட்டும் பண்ணையில் பாக்கி இருக்கிற கோழியோடு உட்கார்ந்திருக்கிறார். ஊரை விட்டு ஆட்கள் போகக் கூடாது என்று நீ கட்டின நகரம்தான், போகாமல் இருந்தவர்களையும் பஸ் ஏற்றி அனுப்பியது. லோடைப் பிரித்து வைக்கிறேன் என்றாய். வண்டியில் இருந்ததையும் இறக்கி அதே மூலைக்கு ஏற்றிவிட்டாய்.

நீயாவது வந்தாயா? கேட்டேன், போன வருடம் உன் மகன் பிறந்தநாளுக்கு. "நீ போட்ட ஊருதான கண்ணு, அங்கயே ஒரு ஊடு வாங்கேன்" என்றேன். உன் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நீ, "பசங்க படிப்பு இருக்குதும்மா" என்றாய். அவ்வளவுதான். உன் ஆபீசில் திட்டம் போட்டவர்கள் ஒருவர்கூட அங்கே ஒரு சுண்ணாம்புச் சுவர்கூட எழுப்பவில்லை. ஊர் ஊராகச் சோறாக்கிப் போடுகிற சமையல்காரன் தான் ஆக்கினதில் ஒரு பிடி வாயில் வைக்காவிட்டால், பந்தியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு எப்படி இருக்கும்?

இனி ஆட்டைப் பற்றிச் சொல்கிறேன். டீச்சர், இதை நிறுத்தி வாசியுங்கள்.

எல்லாக் காட்டிலும் கல் நட்டுவிட்டார்கள், ராமாயிக்கு மேய்க்க இடம் இல்லை. ஆட்டை விற்றுவிடு என்று ஊரே சொன்னது. "பூங்கா வரட்டுங்க அம்மிணி, தம்பி சொல்லியிருக்குதுங்க" என்றாள். வேப்பந்தழை ஒடித்துப் போட்டு, முருங்கை ஒடித்துப் போட்டு, நாங்கள் கழிக்கிற வாழைத்தண்டைப் போட்டு ஒப்பேற்றினாள். இந்தக் கோடையில் லாரித் தண்ணீர் ஊற்றி உன் பூங்காவில் புல் பச்சையாக எழும்பியது. ஒரு சனிக்கிழமை காலையில் அவள் பட்டி ஆடுகளை ஓட்டிக்கொண்டு உள்ளே போனாள். திருட்டுத்தனமாக இல்லை, பெரிய வாசல் வழியாக. காவலுக்கு இருந்தவர்கள் வெளியூர்ப் பிள்ளைகள், ஓடி வந்தார்கள். "எங்க சின்னவரு சொல்லியிருக்காருங்க, இந்த ஊர வரைஞ்சதே அவருதானுங்க, கேட்டுப் பாருங்க" என்று அவள் சொல்லியிருக்கிறாள். அவர்கள் ஆடுகளைப் பிடித்துச் சமுதாயக் கூடத்துக்குள் அடைத்துப் பூட்டினார்கள். ஆபீசர் வந்து அபராதம் போட்டால்தான் விடுவோம் என்றார்கள். சனி, ஞாயிறு ஆபீஸ் கிடையாது. சாவி வைத்திருந்த சூப்பர்வைசர் சொந்தக்காரர் கல்யாணத்துக்குக் குமாரபாளையம் போய்விட்டான்.

ராமாயி என் வீட்டுக்கு ஓடி வந்தாள். நான் போனேன். அந்தக் கூடத்துக்கு முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, நீ வரைந்ததுதான், வெளிச்சம் வர வேண்டும் என்று. வெளிச்சம் நன்றாக வருகிறது, காற்றுதான் வராது. மேற்கு வெயில் நேராக அடித்தது. உள்ளே ஆடுகள் கண்ணாடியை நக்கிக்கொண்டிருந்தன. எங்களைப் பார்த்ததும் ராமாயி நிற்கிற பக்கமாக எல்லாம் ஒதுங்கி வந்தன. அவள் இடது பக்கம் நகர்ந்தால் அவையும் நகர்ந்தன. அங்கமுத்து மாமா கல்லை எடுத்து ஓங்கி அடித்தார். கல்தான் தெறித்தது. நல்ல கண்ணாடியாகத்தான் போட்டிருக்கிறாய். காவல்காரப் பிள்ளைகள் போலீஸ் கேஸ் ஆகும் என்றார்கள். நான் உனக்குப் போன் பண்ணினேன். டெல்லியில் பெரிய கூட்டம், பின்தங்கிய பகுதிகளை முன்னேற்றுவது எப்படி என்று நீ பேசப் போயிருந்தாயாம். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். 'மீட்டிங், பிறகு பேசுகிறேன்' என்று எழுத்தில் வந்தது. எனக்குப் படிக்கத் தெரியும், அதனால் தப்பில்லாமல் புரிந்தது.

திங்கட்கிழமை கதவைத் திறந்தார்கள். முன்னால் விழுந்து கிடந்தவற்றைத் தாண்டித்தான் உள்ளே போக முடிந்தது. ராமாயி கத்தவில்லை. "தண்ணி குடுங்க, தண்ணி குடுங்க" என்று மட்டும் சொன்னாள். குடத்தில் கொண்டு வந்து ஒவ்வொன்றின் மேலும் ஊற்றினோம். தலையில் ஊற்றினோம், முதுகில் ஊற்றினோம். ஒரு குட்டிக்குக் கண் அசைந்த மாதிரி எனக்குத் தோன்றியது. நான் அதன் காதிலும் ஊற்றிப் பார்த்தேன் கண்ணு. துளுக்கவில்லை. ஒன்றுகூடத் துளுக்கவில்லை.

அன்று சாயங்காலம் அந்தப் பளிங்குத் தரையைக் கழுவ ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். ஊரில் கூலிக்கு வர ஆள் யார் மிச்சம்? ராமாயிதான் போய்க் கழுவினாள். நாற்றம் போகவில்லை என்று திரும்பவும் கழுவச் சொன்னார்கள்.

நீ கூப்பிட்டாய், மறுநாள். "அது மெயின்டனன்ஸ் பாக்கறவங்க பண்ணுனதும்மா. பிளானிங்குக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல" என்றாய். சரி என்றேன். "அந்தம்மா எதுக்கு அங்க ஓட்டீட்டுப் போச்சு?" என்றாய். "நீதான மேயலாம்னு சொன்ன" என்றேன். அதற்கு நீ கேட்டாய், "நானா? எப்பம்மா சொன்னேன்?"

அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நீ ஏமாற்றியிருந்தால்கூட ஏமாற்றினதை ஞாபகம் வைத்திருப்பாய். நீ ஏமாற்றக்கூட இல்லை. ஒரு பொம்பளையின் பட்டியும் பிழைப்பும் உன் வாயிலிருந்து விழுந்த ஒரு கேலியில் தொங்கிக்கொண்டிருந்தது, நீ அதைத் துப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாய்.

புத்தி சொல்வது தாயின் கடமை, அதனால் ஒன்று சொல்கிறேன். உன்னிடம் ஒருவர் கேள்வி கேட்டால் அவருக்குப் பதில் சொல். பக்கத்தில் நிற்கிறவனைப் பார்த்துப் பதில் சொல்லாதே. நீங்கள் எல்லோரும் நிலம் வைத்திருக்கிறவனிடம் பேசும்போது ஆபீசரைப் பார்க்கிறீர்கள், ஆபீசரிடம் பேசும்போது மந்திரியைப் பார்க்கிறீர்கள், நிலமே இல்லாதவளிடம் பேசும்போது ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறீர்கள். ஊர் கட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உன் அப்பா மல்லூர் தாண்டாமல் போனதை நான் மறக்கவில்லை. கட்டின ஆஸ்பத்திரிக்கு முதலில் ஒரு டாக்டரைக் கொண்டு வந்து உட்கார வை. உன் பிள்ளைகளை அந்த ஸ்கூலில் சேர். உன் மனைவி அந்த ரோட்டில் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வரட்டும். அதற்கப்புறம் ஓடையைத் தாண்டுவதைப் பற்றிப் பேசு.

ராமாயி இப்போது என் மேட்டுக்காட்டில்தான் இருக்கிறாள். கிணற்று மோட்டார் அறையை ஒழித்துக் கொடுத்தேன். ஒரு வெள்ளாடும் இரண்டு குட்டியும் வாங்கிக் கட்டியிருக்கிறோம். நீ ரோடு இறக்கப் போகிற இடம் அந்த அறைக்கு நேராகத்தான் வருகிறதாம், உன் ஆட்கள் கல்லில் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு அவள் என்னிடம், "இங்கயும் பூங்கா வருதுங்களா அம்மிணி?" என்று கேட்டாள். கேலிக்குக் கேட்டாளா, நிஜமாகவே கேட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீ வந்து பார்.

என் பதில் இதுதான். நான் எழுந்து நாலு வார்த்தை பேச மாட்டேன். மேட்டுக்காட்டைக் கொடுக்க மாட்டேன். நீ இதனால் வேலையில் கீழே இறங்குவாய் என்று உன் மனைவி அழுதுகொண்டே போன் பண்ணினாள். இறங்கட்டும். இறங்கினால் தரை தெரியும். என் காலத்துக்குப் பிறகு அந்தக் காடு சட்டப்படி உனக்குத்தான் வரும். அப்போது நீயே உன்னிடம் கேட்டு, நீயே உனக்குச் சம்மதம் கொடுத்துக்கொள்ளலாம். கூட்டம்கூடப் போட வேண்டியதில்லை. அதுவரைக்கும் காத்திரு. என் நடுக்கத்தைப் பார்த்தால் ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியிருக்காது என்று உனக்கும் உன் ஆபீசர்களுக்கும் தோன்றும். நான் தினமும் முனியப்பனிடம் ஆயுசு கேட்டுக்கொண்டிருக்கிறேன், அதையும் தெரிந்துகொள். முன்னெல்லாம் உனக்காகக் கேட்பேன்.

கூட்டம் முடிந்ததும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போ. உனக்குப் பிடித்த கொள்ளுப் பருப்பு கடைந்து வைத்திருப்பேன். கறி கிடையாது. இந்த வீட்டில் இனி ஆக்குவதில்லை.

டீச்சர் வாசித்து முடித்து உட்கார்ந்ததும் நான் எழுந்து முன்னால் வருவேன். உன் ஆட்கள் வழக்கம்போலத் தண்ணீர் பாட்டிலை நீட்டுவார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடு. நீயே எழுந்து வா. ஆபீசரைப் பார்க்காமல், வாட்சைப் பார்க்காமல், என் முகத்தை நேராகப் பார்த்துக் கேள், சம்மதமா என்று. என் கை ஆடும். தலையும் ஆடும். அது நரம்பு, டாக்டர் கொடுத்த சீட்டை இடுப்பில் செருகி எடுத்து வருகிறேன். துளுக்கிவிட்டேன் என்று எழுதிக்கொள்ளாதே.